தொழிற்புரட்சிப் பாடத்தை எழுதப்போகிறவர்களுக்கு

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். பல்லடத்துப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். தொழிற்புரட்சிப் பாடத்தை இத்தனை வருடத்தில் எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் அதே சடங்குதான். பறக்கும் நாடா ஜான் கே, ஸ்பின்னிங் ஜென்னி ஹார்கிரீவ்ஸ், நீராவி எந்திரம் ஜேம்ஸ் வாட். பொருத்தினால் மதிப்பெண். காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஆறு. பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். மறுவாரம் கேட்டால் ஒன்றும் இருக்காது. அவர்களைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை.

போன வருடம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு சாட்சியத்தைத் தமிழில் எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். 1832இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், ஆலைகளில் பிள்ளைகளின் உழைப்பை விசாரித்த மைக்கேல் சாட்லர் தலைமையிலான குழுவின் முன் எலிசபெத் பென்ட்லி என்ற 23 வயதுப் பெண் சொன்னது. லீட்ஸ் நகரத்துக்காரி. ஆறு வயதில் ஆளிநார் நூற்கும் ஆலைக்கு வேலைக்குப் போனவள். சாதாரண நாளில் காலை 6 முதல் மாலை 7 வரை வேலை; மும்முரமான காலத்தில் காலை 5 முதல் இரவு 9 வரை. சாப்பிட நடுப்பகலில் 40 நிமிடம். கை தளர்ந்தால் வாரடி. என்ன வேலை என்று கேட்கிறார்கள். நூற்கும் எந்திரமான ஃபிரேம் நிறைந்ததும் நிறுத்தி, நூல் சுற்றிய பாபின்களைக் கழற்றி எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு, காலி பாபின்களைப் போட்டு மறுபடி ஓட விட வேண்டும் என்கிறாள். அந்த வேலைக்குப் பெயர் டாபர்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கினாள். "சார், எங்கம்மா டாபர்தானுங்க சார்."

அப்புறம் வகுப்பு என் கையில் இல்லை. ஒருத்தியின் அக்கா சைடர், அதாவது அறுந்த நூலை இணைப்பவள்; ஒருவனின் அப்பா பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் இருக்கிறார். எலிசபெத் எப்படி நேரத்துக்கு எழுந்தாள் என்று கேட்டார்கள். அதற்கும் சாட்சியத்தில் பதில் இருக்கிறது. வீட்டில் கடிகாரம் கிடையாது. நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகிறவர்களின் நடமாட்டம் கேட்டால் அம்மா எழுந்து வெளியே போய் மணி கேட்பாள். சில நாள் கணக்குத் தப்பி எலிசபெத் இரவு 2 மணிக்கே போய், கொட்டுகிற மழையில் ஆலை திறக்கும்வரை நின்றிருக்கிறாள். "எங்கம்மாவும் வேன் வர்றதுக்கு முன்னாலயே ரோட்ல போய் நின்னுக்குமுங்க சார்" என்றான் ஒரு பையன். சாட்சி சொல்லும்போது எலிசபெத் உடல் வளைந்து, ஏழைகள் விடுதியில் இருந்தாள்.

இந்தச் சாட்சியங்கள் ஒருதலைப்பட்சம் என்று முதலாளிகள் குற்றம் சாட்டியதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். சொல்லத்தான் வேண்டும். அந்த முதலாளிகள் வற்புறுத்தி 1833இல் தனி ஆணையம் வந்தது. பிள்ளைகள் அளவுக்கு மீறி உழைக்கிறார்கள் என்பதை அதனாலும் மறுக்க முடியவில்லை. அந்த ஆண்டுச் சட்டம், ஒன்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பெரும்பாலான ஜவுளி ஆலைகளில் சேர்க்கக் கூடாது, 13 வரை நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது. அதைக் கண்காணிக்க நாடு முழுவதற்கும் நான்கே இன்ஸ்பெக்டர்கள். இந்த 'நான்கு' எந்த விடைத்தாளிலும் வருவதில்லை. கேள்வியே இல்லையே, எங்கிருந்து வரும்?

காரணங்களின் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிலக்கரி இருந்தது, இரும்பு இருந்தது, துறைமுகம் இருந்தது என்று எழுதுகிறீர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் படிக்கிற பிள்ளைக்கு ஏதோ மழை பெய்த மாதிரி தொழிற்புரட்சி தானாக வந்து விழுந்ததாகத் தோன்றுகிறது. இங்கிலாந்துப் பெண்கள் இந்தியப் பருத்தித் துணி மேல் பைத்தியமாக இருந்தார்கள். நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன சாயத் துணியும் அதில் உண்டு. உள்ளூர் கம்பளிக்காரர்களும் பட்டுக்காரர்களும் கூச்சல் போட்டார்கள். 1700இல் அச்சிட்ட, சாயமிட்ட இந்தியத் துணியை இறக்குமதி செய்யத் தடை. 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை விற்பதற்கும் உடுத்துவதற்கும்கூடப் பெரும்பாலும் தடை. நீளவாக்கில் ஆளிநார்ப் பாவும் குறுக்கே பருத்தி ஊடையும் கொடுத்து நெய்த கலப்புத் துணிக்குப் பிற்பாடு விலக்கு கிடைத்தது. அந்த நிழலில்தான் இங்கிலாந்தின் பருத்தி ஆலை வட்டாரமான லங்காஷயர் வளர்ந்தது. தடையற்ற வாணிபத்தின் தாயகம் என்று படித்துவிட்டு இதைப் படித்தால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இன்னொன்று, கூலிக் கணக்கு. 100 பவுண்டு எடைப் பஞ்சை நூலாக்க நம் ஊர்க் கைராட்டைக்கு ஏறத்தாழ 50,000 மணி நேரம் பிடித்தது. 1780 வாக்கில் கிராம்ப்டனின் மியூல் என்ற நூற்பு எந்திரம் அதை 2,000 ஆக்கியது. 1825 வாக்கில் தானியங்கி மியூல் 135 ஆக்கியது. இங்கிலாந்தில் கூலி அதிகம், நிலக்கரி மலிவு. ஆளைக் குறைத்து எந்திரம் வைத்தால் அங்கே கட்டுபடியானது. கூலி மலிவான இடத்தில் அதே எந்திரத்துக்குப் போட்ட காசு திரும்பாது. எந்த மில் சூப்பர்வைசரும் இதை ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார். பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும், சொன்னால். பஞ்சு எங்கிருந்து வந்தது என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெரும்பகுதி அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைகள் பறித்த பஞ்சு.

"கைவினைஞர்கள் வேலை இழந்தனர்" என்ற வரி எனக்கு நெடுநாள் உறுத்தல். எல்லோரும் ஒரே நாளில் இழக்கவில்லை. முதலில் போனது கிராமத்துப் பெண்களின் ராட்டை வருமானம். நூல் மலிந்து கொட்டியதால் கைத்தறிக்காரர்களுக்குச் சில காலம் நல்ல யோகம். ஆள் போதாமல் புதியவர்கள் வந்து குவிந்தார்கள். பிறகு விசைத்தறி வந்தது. 1813இல் பிரிட்டனில் 2,400 போல இருந்தது, 1833இல் ஒரு லட்சம் ஆயிற்று. போல்டன் நகர நெசவாளியின் வாரக் கூலி முப்பது வருடத்தில் மூன்றில் ஒன்றுக்கும் கீழே போனது. கைத்தறியை விற்றுவிட்டு மில்லுக்குப் போன தாத்தாக்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். இந்த ஏறி இறங்கிய கதை அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவே தோன்றாது.

லுட்டைட்டுகளை முன்னேற்றம் புரியாமல் எந்திரத்தை உடைத்தவர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். 1811இல் நாட்டிங்ஹாம்ஷயரில் அவர்கள் காலுறை பின்னும் எந்திரமான சட்டகங்கள் எல்லாவற்றையும் உடைக்கவில்லை. அகலத் துணியைப் பின்னி வெட்டித் தைத்து மட்டமான காலுறை விற்றவர்களின், கூலியைக் குறைத்தவர்களின் சட்டகங்களைப் பொறுக்கி உடைத்தார்கள். பக்கத்திலிருந்ததைத் தொடாமல் விட்டார்கள். 1812இல் சட்டகத்தை உடைத்தால் தூக்கு என்று சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் பேசிய முதல் பேச்சே அதை எதிர்த்துத்தான்.

நகர வாழ்க்கை பற்றி ஒரே ஓர் எண் போதும். 1842இல் எட்வின் சாட்விக் தந்த அறிக்கைப்படி மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பங்களில் இறக்கும் சராசரி வயது 17. கிராமப்புற ரட்லண்டில் 38. பதினேழில் எல்லோரும் செத்தார்கள் என்று பொருள் இல்லை, சராசரியைக் கீழே இழுத்தது பச்சைக் குழந்தைகளின் சாவு. இந்த விளக்கத்தோடு போட்டால் கணக்கு ஆசிரியரும் எனக்கு நன்றி சொல்வார்.

பக்கம் அதிகமாகும் என்பீர்கள். நீராவி எந்திரத்தின் குறுக்குவெட்டுப் படம் அரைப் பக்கம் அடைத்துக்கொள்கிறது. எனக்கே அதை முழுதாக விளக்கத் தெரியாது. அங்கே எலிசபெத்தின் பதில்களில் பத்து வரி போடுங்கள். கேட்ட கேள்வியும் சொன்ன பதிலுமாக, அப்படியே. கீழே ஒரு கேள்வி: இதை நம்பலாமா, நம்ப வேறு என்ன சான்று வேண்டும்?

இந்த வருடம் தீபாவளி விடுமுறை முடிந்ததும் அந்தப் பாடத்துக்கு வருவேன். நாற்பது நகல் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்களே அச்சடித்துத் தந்துவிட்டால் அடுத்த வருடம் எனக்கு ஜெராக்ஸ் காசு மிச்சம்.

இப்படிக்கு,
ஒரு சமூக அறிவியல் ஆசிரியர்