முரளிக்கு, அந்த 250 ஓம் ரெசிஸ்டர் பற்றி

சென்னை

அன்புள்ள முரளி,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. பெண்ணுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. மற்றபடி எல்லோரும் சௌக்கியம். கல்லூரி மெல்லிசைக் குழுவோடு நீ மூட்டை கட்டி வைத்த கிடார் மறுபடி வெளியே வந்திருப்பதுதான் பெரிய செய்தி. அதற்கு ஆம்ப்ளிஃபயரையும் நீயே கட்டுகிறாய், அதுவும் பழைய கண்ணாடி வால்வு வைத்து! ஃபெண்டர் கம்பெனியின் டீலக்ஸ் 5இ3 ஆம்ப் நல்ல தேர்வு. 1950-களின் சர்க்யூட், உறுப்புகள் குறைவு, எது எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடரலாம்.

பவர் வால்வுகளின் கரண்ட் தரைக்குப் போகும் வழியில் இருக்கும் அந்த 250 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர் கொதிக்கிறது, அதன் அடியில் போர்டு பழுப்பாகிவிட்டது, 5 வாட்டை எடுத்துவிட்டு 10 வாட் போட்டால் சூடு குறையுமா என்று கேட்டிருந்தாய். குறையாது.

நீ அளந்த 20 வோல்ட்டையே எடுத்துக்கொள். 250 ஓமுக்குக் குறுக்கே 20 வோல்ட் என்றால் 80 மில்லியாம்ப், அதாவது 1.6 வாட். இரண்டு 6வி6 பவர் வால்வுகளும் சேர்ந்து எவ்வளவு இழுக்கின்றனவோ அதுதான் இந்தக் கணக்கு. ரெசிஸ்டர் உடம்பில் 5 என்று போட்டிருந்தாலும் 10 என்று போட்டிருந்தாலும் வெளியே வரப்போவது அதே 1.6 வாட்தான். புளியோதரைக்குச் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்புகிறோமே, அதுபோல் பெரிய ரெசிஸ்டரில் அந்தச் சூடு அகலமாகப் பரவும், மேற்பரப்பு அவ்வளவு கொதிக்காது. ஆனால் பெட்டிக்குள் போய்ச் சேரும் மொத்தச் சூடு அப்படியே இருக்கும்.

அதனால் உன் 5 வாட் போதும். தொந்தரவு அது படுத்திருக்கும் இடத்தில். படத்தில் பார்த்தேன், போர்டோடு ஒட்டிக் கிடக்கிறது. அடிப்பக்கம் காற்றே இல்லை. ஐந்தாறு மில்லிமீட்டர் தூக்கி வை, ரெசிஸ்டரின் கம்பிக் கால்களையும் கொஞ்சம் நீளமாக விடு. கால் நீளமாக இருந்தால் சூடு ஈயம் வைத்த இடத்துக்கு வருவதற்குள் கொஞ்சம் தணியும். சாதாரண 60/40 ஈயம் 183 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். சிமென்ட் ரெசிஸ்டரை அதன் முழு வாட்டில் ஓட்டினால் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டக்கூடும் என்பதையும் நினைவில் வை. அதன் உடம்பில் அச்சடித்த வாட் என்பது அது எரியாமல் தாங்கும் அளவு, பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது உத்தரவாதம் இல்லை.

பக்கத்தில் இருப்பவர் யார்? 25 மைக்ரோஃபாரட் கண்டென்சர், அதுவும் முதுகோடு முதுகாக. இந்த எலக்ட்ரோலிட்டிக் ரகக் கண்டென்சருக்கு ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பழைய லே-அவுட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது என்று நீ சொல்வாய். இருக்கட்டும். அந்தப் படத்தை வேதமாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. கண்டென்சரைத் தள்ளி வை, 105 டிகிரி ரகமாகவும் பார்த்து வாங்கு. இல்லாவிட்டால் அலுமினிய உறை போட்ட ரெசிஸ்டரை வாங்கிச் சேசிஸ் என்கிற உலோகச் சட்டத்திலேயே போல்ட் போட்டு இறுக்கிவிடு. ஒன்று மட்டும், அதன் மேல் எழுதியிருக்கும் 25 வாட் உலோகத் தகட்டில் இறுக்கினால்தான். அந்தரத்தில் தொங்கவிட்டால் பாதிகூடத் தேறுமா என்பது சந்தேகம்.

எனக்கு உண்மையில் கவலை தந்தது நீ கேட்காத ஒன்று. முதல் ஃபில்டர் கண்டென்சரிலிருந்து பவர் வால்வுகளின் ஸ்கிரீன் கம்பிவலைக்குப் போகும் 4.7 கே (4,700 ஓம்) ரெசிஸ்டரை 1 வாட்டில் போட்டிருக்கிறாய். சும்மா இருக்கும்போது அதில் சுமார் 10 மில்லியாம்ப் ஓடும். அரை வாட்கூட வராது, தாராளம். ஆனால் இது கிடார் ஆம்ப், பாட்டி வீட்டு ரேடியோ இல்லை. வால்யூமை முழுக்கத் திருப்பி வால்வை முட்டவைத்துத்தானே வாசிப்பாய்? அப்போது ஸ்கிரீன் கரண்ட் எகிறும். 20 மில்லியாம்ப் ஆகிவிட்டால் சூடு இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு: 1.9 வாட். 1 வாட் ரெசிஸ்டர் எத்தனை நாள் தாங்கும்? 3 வாட் மெட்டல் ஆக்சைடு, தீப்பிடிக்காத ரகம் போடு. கோவையில் கிடைக்காவிட்டால் சொல், ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி கூரியரில் அனுப்புகிறேன்.

முன்கட்டச் சின்ன வால்வுகளின் பிளேட்டில் இருக்கும் 100 கே ரெசிஸ்டர்களைப் பற்றிக் கவலைப்படாதே. 100 வோல்ட் இறங்கினாலும் 0.1 வாட்தான். கால் வாட் போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் சின்ன உடம்புக்கு வோல்ட் தாங்கும் எல்லையும் குறைவு, பொதுவாக 250 வோல்ட். அரை வாட் மெட்டல் ஃபிலிம் போட்டுவிடு. பழைய கார்பன் காம்போசிஷனில்தான் அந்த ‘ஒரிஜினல்’ தொனி வரும் என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. எனக்குக் கேட்பது இரைச்சல்தான், சூட்டில் அதன் ஓம் மதிப்பும் நகரும்.

சூட்டை நிஜமாகவே குறைக்க வேண்டுமென்றால் சர்க்யூட்டில்தான் கை வைக்க வேண்டும். உன் டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரி 220 வோல்ட் என்கிறாய். வீட்டில் 240 வந்தால் 9 சதவீதம் கூடுதல், ரெசிஸ்டரில் அது 19 சதவீதம் கூடுதல் சூடு. டிரான்ஸ்ஃபார்மரில் 240 வோல்ட்டுக்கான டேப் (தனி இணைப்பு) இருந்தால் அதற்கு மாற்று. 250 ஓமை 270 ஆக்கினால் வால்வுகள் கொஞ்சம் அடங்கும். ஏனென்றால் அடுப்பே அவைதான்: ஒவ்வொரு 6வி6-ம் பிளேட்டில் 12 வாட், ஃபிலமென்ட்டில் 2.8 வாட், ஏசியை டிசியாக்கும் 5ஒய்3 வால்வின் ஃபிலமென்ட் மட்டும் 10 வாட். அத்தனையும் தலைகீழாகத் தொங்குகின்றன, சூடு நேரே மேலே சேசிஸுக்குள் ஏறுகிறது. பின்பலகையை முழுக்க மூடிவிடாதே. மே மாதத்தில் உன் மாடி அறையைச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம், சூட்டை விரலால் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். டேய், உள்ளே 350 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது! இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கு. ஸ்விட்சை அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டென்சர்கள் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். முதல் ஃபில்டருக்குக் குறுக்கே 100 கே, 2 வாட் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராகக் கட்டிவிட்டால் தானாகக் காலியாகும். அப்போதும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கையை விடாதே.

இதெல்லாம் முடிந்ததும் எச்.டி. (பிளேட்டுக்குப் போகும் உயர் வோல்ட்) எவ்வளவு, கேத்தோடில் எவ்வளவு, 4.7 கே-க்குக் குறுக்கே எவ்வளவு என்று எழுது. சும்மா இருக்கும்போது ஒன்று, முழு வால்யூமில் வாசிக்கும்போது ஒன்று. வாசிக்க யாரையாவது உட்கார வை, மீட்டரையும் கிடாரையும் ஒரே நேரத்தில் பிடிக்காதே. ஒவ்வொரு வால்வின் ஸ்கிரீனுக்கும் ஆளுக்கொரு 470 ஓம் ரெசிஸ்டர் சேர்க்கலாமா என்பதை அந்த எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி