நம் ஊர் வாட்ஸ்அப் குழுவின் 212 பேருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அண்ணன்மார், தம்பிமார், மதினிமார் எல்லோருக்கும் வணக்கம்.

குழுவிலேயே எழுதியிருக்கலாம். எழுதினால் அடுத்த நிமிடமே ஒரு ரோஜாப்பூ குட் மார்னிங் வந்து அதை மேலே தள்ளிவிடும். அதனால்தான் மடல்.

ஆகஸ்ட் 15 காலை பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கிராம சபை நடந்தது. தெரியாது என்று சொல்ல வேண்டாம். அறிவிப்பைப் படமெடுத்து நம் குழுவில்தான் போட்டார்கள், 31 பேர் கட்டைவிரல் தூக்கினீர்கள். குழுவில் 212 பேர் இருக்கிறோம். திருப்பூர், சென்னை என்று போனவர்களைக் கழித்தாலும் நூற்றைம்பது தேறும். வந்தவர்கள் ஒன்பது பேர். மற்றபடி தரையில் உட்கார்ந்திருந்ததெல்லாம் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான், என்னையும் சேர்த்து.

என் கதை உங்களுக்குப் புதிதல்ல. மெயின் ரோட்டு நிறுத்தத்திலிருந்து ஊர் முகப்பு வரை நாலு கம்பம். நாலிலும் விளக்கு எரிந்து எட்டு மாதம் ஆகிறது. என் மகளுக்கு மில்லில் இரண்டாம் ஷிப்ட். இரவு பத்தரைக்கு வேன் ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போய்விடும், ஊருக்குள் வராது. நான் பத்து மணிக்கே டார்ச்சும் கம்புமாகப் போய் நிற்பேன். அவளோடு இறங்கும் மற்ற மூன்று பெண்களையும் சேர்த்துத்தான் கூட்டி வருவேன். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். போன மாதம் ஒரு கட்டுவிரியன் குறுக்கே கிடந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வெளிச்சம் பட்டதும் அது பாட்டுக்கு நகர்ந்துவிடுகிறது. பின்னால் வருகிற பைக் எங்கள் பக்கத்தில் வந்ததும் மெதுவாகிறதே, அதுதான் முடியவில்லை. பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் வீட்டு வாசல் வரை யாரும் வாய் திறப்பதில்லை.

இந்த இருட்டைக் குழுவில் படமாகப் போட்டது நான் அல்ல, உங்களில் ஒருவர்தான். அவருக்கு நன்றி. எவ்வளவு கோபப்பட்டீர்கள்! கண் சிவந்த பொம்மைகள் எத்தனை! 'கேடுகெட்ட அரசாங்கம்', 'இந்த நாடு உருப்படாது'. நடுவில் ஒருவர், 'பொம்பளப் பிள்ளைய எதுக்கு ராத்திரி வேலைக்கு அனுப்பணும்' என்றும் கேட்டிருந்தார். அவருக்குத் தனியாகப் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

சரி, சபையில் நடந்ததைச் சொல்கிறேன். வரவு செலவை வாசித்து முடித்ததும் எழுந்து விளக்கைப் பற்றிக் கேட்டேன். ஊராட்சிச் செயலர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "நீங்க ஒருத்தர்தானம்மா கேக்குறீங்க. வேற யாரும் சொல்லலியே." நான் திரும்பிப் பார்த்தேன். என்ன சொல்வது? 'ஐயா, குழுவில் 63 பேர் கோபப்பட்டிருக்கிறார்கள்' என்று போனைத் தூக்கிக் காட்டுவதா?

அன்று மதியத்துக்கு மேல் கையெழுத்து நோட்டு வீடு வீடாக வந்தது. நம் ஊர் போல 3,000 பேருக்குள் உள்ள ஊராட்சிக்கு நூறு பேர் வந்திருக்க வேண்டும், கூட்டத்தில் அவ்வளவு பேர் இல்லை. யார் யார் போட்டீர்கள் என்று என் திண்ணையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்காத கணக்குக்கு, வராத கூட்டத்தில், ஒப்புதல் கொடுத்தவர்கள் நீங்கள். சாயங்காலமே 'நூறு நாள் பொம்பளைங்கள வச்சு நடத்துற நாடகம்' என்று குழுவில் ஒரு நையாண்டி. வெயிலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் அந்தப் பொம்பளைங்கள்தான் என்பதைப் பணிவோடு நினைவுபடுத்துகிறேன்.

அக்டோபர் 2 அன்று அடுத்த கிராம சபை, அதற்கு வாருங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

இப்போது நமக்குத் தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் எல்லோருடைய பதவியும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அவர்களுக்குப் பதிலாக அரசு போட்டிருக்கும் தனி அலுவலர்தான் எல்லாம். அவருக்குப் பல ஊராட்சி, நம் ஊர் இருட்டு அவர் கண்ணில் படுவதற்கு நியாயமில்லை. தேர்தல் எப்போது என்று மேலே இருப்பவர்களைக் கேட்க வேண்டியதுதான், அந்தக் கோபமும் எனக்கு உண்டு. அமெரிக்க அதிபர் யார் என்பது வரை நம் குழுவில் விவாதம் நடக்கிறது, நம் வார்டுக்கு ஆள் இல்லை என்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது. சரி, அதை விடுங்கள், விளக்குக்கு வருகிறேன்.

தலைவர் போனாலும் சபை போகாது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி, நம் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். அதற்கு எம்.எல்.ஏ. சிபாரிசு வேண்டாம், கட்சி அட்டை வேண்டாம். தீர்மானம் போட்டால் எல்லாம் நடந்துவிடுமா என்று கேட்பீர்கள். நடக்காமலும் போகலாம். காஞ்சிபுரம் பக்கம் பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று ஏகனாபுரத்துக்காரர்கள் 2022-லிருந்து சபைக்குச் சபை தீர்மானம் போட்டும் 2025 வரை திட்டம் கைவிடப்படவில்லை. ஆனால் மதுரை மாவட்டத்து மேலூர் பக்கத்தையும் பாருங்கள். 2024 நவம்பர் 23 கிராம சபையில் அரிட்டாபட்டியும் சுற்று ஊர்களும் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. தீர்மானத்தோடு வீட்டுக்குப் போய்விடவில்லை, ஜனவரியில் மதுரைக்கே நடந்து போனார்கள். அந்த மாதமே மத்திய அரசு சுரங்க ஏலத்தை ரத்து செய்தது. நான் உங்களை மதுரை வரை நடக்கச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் வரை வந்தால் போதும்.

வந்து பெரிய பேச்சு பேச வேண்டியதில்லை. நான் எழுந்து கேட்கும்போது, 'எங்களுக்கும் அந்த விளக்கு வேண்டும்' என்று இருபது பேர் சொல்லுங்கள். தீர்மான நோட்டில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். சாயங்காலம் நோட்டு வீட்டுக்கு வந்தால் தயவுசெய்து போடாதீர்கள்.

கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன், வயதில் மூத்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மனுவை ஒரு முழுத்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்து அவ்வளவு நன்றாக இராது, படித்த பிள்ளைகள் யாராவது வந்து திருத்தி எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும். பகலில் வேலைக்குப் போய்விடுவேன், ஏழு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். பத்து மணிக்கு மேல் வருவதானால் ரோட்டு நிறுத்தத்துக்கு வாருங்கள், அங்கேதான் நிற்பேன்.

இப்படிக்கு,
ஊர் முகப்பில், நாலாவது கம்பத்துக்கு எதிர் வீட்டுக்காரி