பூங்கா வருகிறது, ஐ.பி. எங்கிருந்து வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூலூரிலும் பல்லடத்திலும் செமிகண்டக்டர் பூங்கா வரப்போவது பற்றி எத்தனை ஏக்கர், எத்தனை பேருக்கு வேலை என்றெல்லாம் செய்தி வருகிறது. சிப்புக்குள் இருக்கும் வடிவமைப்பு யாருடையது, அதற்கு யார் யாருக்குப் பணம் கட்டுகிறார்கள் என்பதை மட்டும் யாரும் எழுதக் காணோம். பெங்களூரில் பல வருடம் சிப் வெரிஃபிகேஷன், அதாவது வரைந்த சிப் சரியாக வேலை செய்யுமா என்று சோதிக்கும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

சிப்பின் ஒவ்வொரு பகுதியையும் தானே வரைகிற கம்பெனி இன்று அநேகமாகக் கிடையாது. பிராசசர் ஒருவரிடம், யு.எஸ்.பி. பகுதி இன்னொருவரிடம், மெமரியோடு பேசும் டி.டி.ஆர். பகுதி வேறொருவரிடம் என்று லைசென்ஸ் எடுத்துத்தான் சேர்க்கிறார்கள். இந்தத் தயார் பகுதிகளைத்தான் ஐ.பி. என்கிறோம். 1990-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பக்கம் தொடங்கிய ஆர்ம் என்ற பிராசசர் வடிவமைப்புக் கம்பெனி வளர்ந்ததே இதை விற்றுத்தான். 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அதன் வருமானம் 400 கோடி டாலர். அதற்கு முந்தைய ஆண்டு சுமார் 320 கோடி. இதில் பாதிக்கு மேல் ராயல்டி, அதாவது வாடிக்கையாளர் விற்கிற ஒவ்வொரு சிப்புக்கும் வந்து சேர்கிற காசு. எங்கள் கோவையில் பம்ப்செட் வார்ப்புக்குப் பேட்டர்ன் செய்து தருகிறவருக்கு ஒரே தடவைதான் கூலி. பம்ப் விற்கும்போதெல்லாம் அவருக்கு யாரும் பங்கு கொடுப்பதில்லை. போன் சந்தை மந்தமானாலும் ஆர்முக்குக் கவலை குறைவு. அமேசான், கூகுள், மைக்ரோசாப்ட் எல்லாம் தங்கள் சர்வருக்குச் சொந்தச் சிப் வரைய ஆரம்பித்து, அதற்கு ஆர்மிடம்தான் போயிருக்கிறார்கள்.

“நமக்குத்தான் ரிஸ்க்-5 இருக்கிறதே, இலவசம்தானே” என்று கல்லூரிக் கூட்டங்களில் மாணவர்கள் கேட்கிறார்கள். பிராசசர் வரைய யாரும் லைசென்ஸ் பணம் கட்டாமல் பயன்படுத்தக்கூடிய பொதுக் கட்டளைத் தொகுப்புதான் இந்த ரிஸ்க்-5. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி பிராசசர் அதில் செய்ததுதான், எனக்கும் பெருமைதான். ஆனால் ஓசியில் கிடைப்பது கட்டளைத் தொகுப்பு, அதாவது பிராசசர் புரிந்துகொள்ளும் கட்டளைகளின் பட்டியல் மட்டும். அதை வைத்துக் கோர், அதாவது பிராசசரின் மையப் பகுதியை எழுதி, சோதித்து, சரியென்று நிரூபிக்கிற செலவு அப்படியே நிற்கிறது. கோர் கையில் வந்த பிறகும் டி.டி.ஆர்., மற்ற கருவிகளோடு இணைக்கும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் சினாப்சிஸ், கேடன்ஸ் மாதிரி கம்பெனிகளிடம்தான் போகவேண்டும். அதிலும் இந்த டி.டி.ஆர். பகுதியின் அனலாக் பாதி (மின் சமிக்ஞையை நேரடியாகக் கையாளுவது), எந்த ஃபேப்பில், அதாவது எந்தச் சிப் தொழிற்சாலையில், எத்தனை நானோமீட்டரில் அடிக்கிறோமோ அதற்கென்றே வரைந்தது. 28 நானோமீட்டரிலிருந்து 22-க்கு மாறினால் புதிதாகத்தான் வாங்கவேண்டும். சின்னக் கம்பெனிக்குக் கை கடிப்பது இங்கேதான்.

ஐ.பி. வாங்கும்போது கேட்லாக்கில் நாங்கள் முதலில் பார்ப்பது ‘சிலிக்கான் புரூவன்’ என்ற கட்டத்தை. அதாவது, இந்தப் பகுதி நிஜமான சிப்பில் ஏறி வேலை செய்து காட்டியிருக்கிறதா? கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த சிமுலேஷன் முடிவு எத்தனை பக்கம் இருந்தாலும் சரி, அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மேனேஜர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. சிப் அடித்து வந்தபிறகு யு.எஸ்.பி. எழுந்திருக்கவில்லை என்றால் மாஸ்க் (சிப் அடிக்கும் அச்சுத் தகடு) செலவு மறுபடி முதலிலிருந்து. ஆக, யாராவது முதலில் வாங்கினால்தான் நிரூபணம், நிரூபணம் இருந்தால்தான் வாங்க ஆள். நம் பொறியாளர்கள் எழுதுகிற பகுதிகள் மாட்டிக்கொள்வது இந்த முடிச்சில்.

மத்திய அரசு 2021-ல் அறிவித்த வடிவமைப்பு ஊக்கத் திட்டம் தகுதியான செலவில் பாதியை, 15 கோடி ரூபாய் வரை திருப்பித் தருவதாகச் சொன்னது. ஆனால் முதலில் செலவு செய்யக் கையில் பணம் இருக்கவேண்டுமே. தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் செமிகண்டக்டர் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் அறிவித்தது. அதில் ஒரு பங்கை இந்த முதல் நிரூபணத்துக்கென்றே ஒதுக்கலாம். ஒரே வேஃபரில் (சிப்புகளை அடிக்கும் சிலிக்கான் தட்டில்) பலருடைய டிசைனைச் சேர்த்து அடிக்கிற ஷட்டில் முறை ஏற்கெனவே உண்டு. அதில் அரசு இடம் வாங்கி, நம் ஊர்க் கம்பெனிகளின் பகுதிகளை ஏற்றி, திரும்பி வந்த சிப்பை அளந்து, அந்த ரிப்போர்ட்டை அவர்கள் கையில் கொடுக்கட்டும். கட்டிடம் மாதிரி ரிப்பன் வெட்டிப் படம் எடுக்க இதில் வழியில்லை என்பது உண்மைதான்!

அடுத்து இந்தத் துறை அமைச்சரையோ அதிகாரிகளையோ சந்திக்கும்போது, ஷட்டிலுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று உங்கள் நிருபர் கேட்டு எழுதவேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் சிப் வெரிஃபிகேஷன் பொறியாளர்,
பீளமேடு, கோவை.