பிள்ளைகள் கையில் துடைப்பமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் போட்டிக்குப் போய்வரும் சிறுவர், சிறுமியர் கால்பந்து அணி கோப்பையோடு நிற்கும் படத்தை எல்லாரும் போடுகிறார்கள். விமானம் ஏறும் முன் அந்தப் பிள்ளைகள் ஏறி இறங்கிய அலுவலகப் படிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2013-இல் ராஞ்சி அருகேயுள்ள ஓர்மாஞ்சிப் பகுதியிலிருந்து சிறுமிகளுக்குக் கால்பந்து கற்றுத்தரும் 'யுவா' தொண்டு அமைப்பின் அணிச் சிறுமிகள் ஸ்பெயினுக்கு விளையாடப் போனார்கள். பெரும்பாலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். பாஸ்போர்ட்டுக்காகப் பிறப்புச் சான்றிதழ் கேட்டுப் பஞ்சாயத்து அலுவலகம் போனால், தரையைப் பெருக்கச் சொன்னார்கள், கன்னத்தில் அறைந்தார்கள், லஞ்சமும் கேட்டார்கள் என்று அந்தச் சிறுமிகளே சொன்னது அப்போது செய்திகளில் வந்தது. சான்றிதழ் கேட்டு வந்த பிள்ளையின் கையில் துடைப்பம்! இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. அப்புறம் அதே பிள்ளைகள்தான் அங்கே நடந்த காஸ்டெய்ஸ் கோப்பைப் போட்டியில் மூன்றாம் இடம் பிடித்துத் திரும்பினார்கள். 2019-இல் யுவா அமைப்புக்கு மொனாக்கோவில் லாரியஸ் என்ற உலக அளவிலான விளையாட்டு விருதும் கிடைத்தது.

பாராட்டு விழா நடத்துவது சரி. அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. வீட்டிலேயே பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்ட பிள்ளைகள் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். அணித் தேர்வுக்குக் காத்திராமல், பள்ளியிலேயே முகாம் போட்டு அவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் வாங்கிக் கொடுக்க வேண்டும். இந்தப் பொறுப்பை மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் ஒப்படைக்கலாம். மனுவைக் கிடப்பில் போடும் அலுவலர், காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

- ஒரு வாசகர், சேலம்