செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது மினிமம் பேலன்ஸ் அபராதம். நேராக அதற்கே வந்துவிடுகிறேன்.

ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சேமிப்புக் கணக்கில் இருப்பு குறைந்தால் வங்கி முதலில் தகவல் சொல்லி, ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில்தான் பிடிக்க வேண்டும். அபராதத்தாலேயே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. ஆனால் நம் உறுப்பினரான ஓர் அம்மாவின் கணக்கு மைனஸில்தான் கிடந்தது. கிளையில் கேட்டதற்கு, "சிஸ்டம் தானா பிடிக்குது, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்கள். சுற்றறிக்கை நகலை இணைத்து எழுத்தில் புகார் கொடுத்ததும் பணம் திரும்பி வந்தது. சிஸ்டத்துக்கும் மனம் இரங்கும் போலிருக்கிறது!

சரி, கேட்டவருக்குக் கிடைத்துவிட்டது. கேட்காதவர்களுக்கு? பொதுத்துறை வங்கிகள் மட்டும் 2019-20 முதல் ஐந்தாண்டுகளில் இப்படிப் பிடித்தது ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். 2025-ல் அவற்றில் பல இந்த அபராதத்தைக் கைவிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு தனியார் வங்கி மினிமம் பேலன்ஸ் வரம்பை ஏற்றியபோது, அது அந்தந்த வங்கியின் முடிவு என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் ஒதுங்கிக்கொண்டார். வரம்பை வங்கியே வைத்துக்கொள்ளட்டும். பிடிக்கும் முறைக்கு விதி போட்டது ரிசர்வ் வங்கிதானே? அதை யார் மீறுகிறார்கள் என்று பார்ப்பதும் அதன் வேலைதான் என்பது என் கருத்து.

வங்கிப் புகார்களை விசாரிக்க ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் ஓம்பட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் போகலாம். ஆனால் அந்தத் திட்டத்தின் விதிப்படி, வங்கியின் வணிக முடிவு பற்றிய புகார்களை அவர் ஏற்க மாட்டார். அதனால் செயற்குழு வேறு வழி எடுத்திருக்கிறது. ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில், வங்கிகளின் ரகசியத்தைக் காப்பதாகச் சொல்லி ரிசர்வ் வங்கி அவற்றை ஆய்வு செய்த அறிக்கைகளை மறைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதைச் சுட்டி, இந்தச் சுற்றறிக்கையை மீறியதாக எத்தனை வங்கிகளைக் கண்டுபிடித்தீர்கள், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் போகிறோம். கட்டணம் பத்து ரூபாய்தான். "எதுக்கு வம்பு" என்று சிலர் தயங்கினார்கள், பெரும்பான்மை ஒப்புக்கொண்டது.

விண்ணப்பம் அடுத்த மாதம் போகிறது. அபராதம் பிடிக்கப்பட்டவர்கள் அந்தப் பாஸ்புக் பக்கத்தின் ஜெராக்ஸை, கணக்கு எண்ணை மறைத்து, அதற்குள் என்னிடம் கொடுங்கள்.

செயலாளர்