பத்தியம் முடிந்த மறுநாள்

கும்பகோணம்,
செப்டம்பர் 14

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரை நோய்க்காக, சாப்பாட்டுக்குப் பதில் பானம் குடித்து நாளொன்றுக்கு 800 கலோரி மட்டும் உண்ணும் அந்த உணவு முறையை அக்டோபர் முதல் தேதி தொடங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். என்ன பானம், எத்தனை வேளை, எத்தனை கிலோ குறையும் என்பதெல்லாம் விரிவாக இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு வாரம் முடிந்த மறுநாள் என்ன சாப்பிடுவாய் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் அந்த மறுநாளைக் கடந்து ஐந்து வாரமாகிறது என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் யாரையும் கேட்காமல் ஒரு மாதம் சூப்பும் மோரும் குடித்தே எட்டு கிலோ குறைத்தேன் அல்லவா? அதை ஒரு கல்யாணப் பந்தியில் முடித்துக்கொண்டேன். அன்றிரவு படபடப்பு, மூன்றாம் நாள் கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் குழியாகவே நின்றது. பட்டினிக்குப் பின் மாவுச்சத்து மளமளவென்று உள்ளே போனால், இன்சுலின் மிகுதியாகச் சுரந்து, இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் உயிரணுக்களுக்குள் தள்ளிவிடும் என்றும், அவை மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும் என்றும் பின்னாளில் மருத்துவர் விளக்கினார். இரண்டாம் உலகப் போரின் முடிவில் விடுவிக்கப்பட்ட கைதிகளில் பலர், பட்டினியைத் தாங்கியிருந்தும், வயிறார உண்டதும் இறந்துபோனது இதனால்தானாம். நம்மைப் போல உடல் பருத்தவர்களுக்கு அந்த அளவுக்குப் போவது அரிது என்றாலும், அந்த வீக்கத்தை என்னால் மறக்க முடியவில்லை. குறைந்த எட்டு கிலோவும் தீபாவளிக்குள் திரும்பிவிட்டது.

ஆகவே இம்முறை மருத்துவரின் மேற்பார்வையில் இருந்தேன். நீ குறிப்பிட்டிருக்கும் அந்த பிரிட்டன் ஆய்வில், 2017இல் வெளியான முடிவின்படி, இதே போன்ற பானப் பத்தியம் இருந்தவர்களில் ஓராண்டில் 46 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் தணிந்திருந்தது உண்மைதான். ஆனால் அவர்களும் பானத்தை நிறுத்தியவுடன் பழைய சாப்பாட்டுக்குப் போகவில்லை. இரண்டு முதல் எட்டு வாரம் வரை படிப்படியாகவே உணவுக்குத் திரும்பினார்கள். அம்மாவிடம் சொன்னபோது, "இதைத்தானே மறுபத்தியம் என்கிறோம், மருந்துக்கு எத்தனை நாளோ அதற்கும் அத்தனை நாள்" என்றார்.

முதல் நாள் மதியம் ஒரு கரண்டி சோறு, பாசிப்பருப்பு, கொத்தவரங்காய்ப் பொரியல், ஒரு சிறு கரண்டி நெய். மற்ற வேளைகளுக்குப் பானமேதான். கொழுப்பே இல்லாமல் வேகமாக மெலிந்தால் பித்தப்பை சுருங்காமல் பித்தம் தேங்கிக் கல் சேரக்கூடும் என்பதால் நெய்யை விடக் கூடாது என்றார்கள். சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தபோது கை நடுங்கியது. பன்னிரண்டு வாரம் பகையாகப் பார்த்த ஒன்றை வாயில் வைக்கப் பயமாக இருந்தது.

நான்காம் நாள் காலை எடை ஒரு கிலோ நானூறு கிராம் கூடியிருந்தது. எல்லாம் போயிற்று என்று அழுதேன். அன்றைக்கே பானத்துக்குத் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே அது கொழுப்பு அன்று, நீர் என்று மருத்துவர் சொன்ன பிறகே அமைதியடைந்தேன். செல்வி, அந்த ஒன்றரைக் கிலோவுக்குப் பயந்து மீண்டும் பட்டினி கிடப்பவர்கள்தான் பின்னர் தாங்காமல் அள்ளி உண்கிறார்கள் என்பது என் கருத்து. அந்தக் காலை உனக்கும் வரும். அப்போது இந்தக் கடிதத்தை எடுத்துப் படி.

பசியும் உடனே அடங்காது. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் அரைப்பட்டினி ஆய்வுக்கு முன்வந்த 36 இளைஞர்களில் பலருக்கு, நிறைய உண்ட பிறகும் மாதக்கணக்கில் பசி தீரவில்லை. எனக்கும் இன்னும் மாலை நான்கு மணி கடினமாகத்தான் இருக்கிறது. ஒரு கிண்ணம் சுண்டலும் மோரும் துணை.

இப்போது சாப்பிடும் சர்க்கரை மாத்திரையை, பத்தியம் தொடங்கும் நாளில் என்ன செய்வது, உணவுக்குத் திரும்பும்போது என்ன செய்வது என்று இரண்டையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள். இன்னொன்று: அக்டோபரில் தொடங்கினால் உனக்குப் பன்னிரண்டு வாரம் டிசம்பர் 23 வாக்கில் முடியும். உணவுக்குத் திரும்பும் வாரங்களுக்குள் பொங்கலும், தையில் உன் அண்ணன் மகள் கல்யாணமும் வந்து நிற்கின்றன. கல்யாணத்தை முடித்துவிட்டு மாசியில் தொடங்கக் கூடாதா? அண்ணியிடம் கலந்துகொண்டு எழுது.

அன்புடன்,
மீனா