அம்மா குரல்ல கேமரா எச்சரிக்கை: தம்பிக்கு ஒரு லெட்டர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். போன்ல பேசுனா நடுவுல அம்மா வாங்கி சாப்டியா தூங்குனியான்னு ஆரம்பிச்சிடுறாங்க, சொல்ல வந்த விஷயம் பாதியிலேயே நின்னுடுது, அதான் உட்கார்ந்து டைப் பண்றேன், பொறுமையா படி, கடைசில உனக்கு ஒரு வேலை இருக்கு.

இங்க பிரிட்டன்ல, வேல்ஸ் பக்கம் ஸ்வான்சீல மழை இன்னும் விடல. டியூட்டி எல்லாம் கார்லதான்டா, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஒரே இடத்துல நிக்குற வேலை இல்ல, வீடு வீடா போகணும், காலைல ஒரு பாட்டிக்கு இன்சுலின், அங்கேர்ந்து நீத் பக்கம் ஒரு தாத்தாவுக்கு கால் புண்ணுக்குக் கட்டு மாத்தணும், அப்புறம் போர்ட் டால்போட், அதுக்கப்புறம் மலை அடிவாரத்துல இருக்குற சின்னச் சின்ன ஊருங்க. நம்ம ஊரு மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டுறாங்க, அதனால கை கால் பழகிடுச்சு, ஆனா வேகம்தான் இங்க பெரிய விஷயம். நம்ம லைசென்ஸ வச்சு 12 மாசம்தான் ஓட்டலாம், அப்புறம் இங்க தியரி, ரோடு டெஸ்ட் ரெண்டும் பாஸ் பண்ணணும், பாஸ் பண்ணதும் முதல் ரெண்டு வருஷம் புது டிரைவர் கணக்கு, அந்த ரெண்டு வருஷத்துல தப்புக்குப் போடுற பெனால்டி பாயிண்ட் 6 விழுந்தா லைசென்ஸ் போச்சு, மறுபடி முதல்லேர்ந்து எழுதணும். ஒரு தடவை ஸ்பீடு கேமராவுல மாட்டுனா குறைஞ்சது 100 பவுண்டும் 3 பாயிண்டும். அப்போ ரெண்டு தடவ மாட்டுனா முடிஞ்சுது, லைசென்ஸ் இல்லாம இந்த வேலையே இல்ல. நான் இதை ஏன் இவ்வளவு பெருசா எடுத்துக்குறேன்னு உனக்கு இப்ப புரியும்.

இன்னொண்ணு, வேல்ஸ்ல 2023 செப்டம்பர் 17லேர்ந்து தெருவிளக்கு இருக்குற ஊர் ரோடு பெரும்பாலானத மணிக்கு 30 மைல்லேர்ந்து 20 மைல் ஆக்கிட்டாங்க, அதாவது 32 கிலோமீட்டர், நம்ம ஊர்ல டவுன் பஸ்ஸே அதைவிட வேகமா போகும். அதை எதிர்த்து நாலரை லட்சம் பேருக்கு மேல மனு போட்டாங்க, அப்புறம் சில ரோட மட்டும் 30க்கு திருப்பிட்டாங்க. எனக்குக் கேட்டா 20 நல்லதுதான், ஸ்கூல் வாசல்ல புள்ளைங்க குறுக்க ஓடுறத தினமும் பாக்குறேன். ஆனா ஒரே ரோட்டுல 20, 30, 40ன்னு மாறி மாறி வரும், மோட்டார்வேல 70ன்னு போயிட்டிருந்தா போர்ட் டால்போட் கிட்ட 50 ஆயிடும், பேஷன்ட் நெனப்புல ஓட்டிட்டு இருக்கும்போது போர்டு கண்ணுல படாம போறது சகஜம்.

அதுக்குத்தான் கூட வேலை பாக்குற ஒரு சேச்சி அவங்ககிட்ட சும்மா கிடந்த பழைய கார்மின் நேவிகேஷன் பெட்டிய எனக்குக் குடுத்தாங்க. போன்லயே மேப் இருக்கேன்னு கேப்ப, மலைப்பக்கம் சிக்னல் இருக்காது, போன் ஆபீஸ் காலுக்கு வேணும், அதோட ஓட்டும்போது போன கைல எடுத்தா 200 பவுண்டு, 6 பாயிண்ட், எனக்கு ஒரே அடில லைசென்ஸ் காலி. இந்தப் பெட்டில கேமரா இருக்குற இடங்கள நாமளே லிஸ்ட் போட்டு ஏத்திக்கலாம், கிட்ட வரும்போது சத்தம் குடுக்கும், இங்க அது சட்டப்படி சரிதான். பிரான்ஸ்ல கூடாது, பாரிஸ் லா ஷப்பெல் பக்கம் இருக்குற ஃப்ரெண்டு வீட்டுக்கு கார்ல போனா அந்த ஃபைல அழிச்சிட்டுத்தான் போகணும்.

பிரச்சனை என்னன்னா அந்த சத்தம் வெறும் டிங். கார்ல ஏற்கனவே சீட் பெல்ட்டுக்கு ஒரு டிங், கதவுக்கு ஒண்ணு, பெட்ரோல் கம்மியானா ஒண்ணு, காது இதை எல்லாம் கண்டுக்காம விட்டுடுது. சத்தத்த மாத்தலாம்னு தெரிஞ்சதும் அம்மா குரல் போடணும்னு தோணுச்சு. அம்மா சொன்னா கால் தானா பிரேக்குக்கு போகும்ல. அதுக்குத்தான் அன்னைக்கு அம்மாவ பேச வச்சு வாட்ஸப்ல அனுப்பச் சொன்னேன்.

அது வேலை செய்யாம நிறைய நாள் போராடினேன், இப்ப ஒவ்வொண்ணா பிடிபட்டுடுச்சு, பெட்டி மேல ஒரு குறையும் இல்ல. கார்மின்காரங்க பி.ஓ.ஐ. லோடர்னு ஒரு சாஃப்ட்வேர் இலவசமா குடுக்குறாங்க, கம்ப்யூட்டர்ல போட்டு பெட்டிய கேபிள்ல சொருகணும். கேமரா லிஸ்ட் சிஎஸ்வி ஃபைலா, அதாவது கமா போட்டுப் பிரிச்ச லிஸ்டா இருக்கணும், ஒவ்வொரு வரிலயும் முதல்ல தீர்க்கரேகை, அப்புறம்தான் அட்சரேகை, நம்ம கூகுள் மேப்ல காப்பி பண்ணா தலைகீழா வரும். ஸ்வான்சீ கிரீன்விச்சுக்கு மேற்க இருக்குறதால மைனஸ் 3.94, 51.62னு போடணும், மைனஸ் விட்டுட்டா அந்தக் கேமரா நெதர்லாந்து கடலோரத்துல போய் விழும், ரெண்டையும் மாத்திப் போட்டா இந்துமகா சமுத்திரத்துல கிடக்கும். சத்தம் வரலன்னா முதல்ல இதைத்தான் பாக்கணும்.

அடுத்தது பேரு. லிஸ்ட் ஃபைலுக்கும் சத்த ஃபைலுக்கும் ஒரே பேரு இருக்கணும், ஒரே ஃபோல்டர்ல இருக்கணும், இங்கிலீஷ்ல கேமரா30னு ஒரு சிஎஸ்வி, அதே பேர்ல ஒரு வேவ் ஃபைல். விண்டோஸ் கடைசி எழுத்துங்கள மறைச்சு காட்டுறதால பேரு சரியா இருக்குற மாதிரியே தெரியும், உள்ள வேவ்.வேவ்னு ரெண்டு தடவ ஒட்டிட்டு இருக்கும், அந்த மறைப்ப எடுத்துட்டுப் பாத்தாதான் தெரியும்.

மூணாவது, இதுதான் பெரிய தலைவலி: வாட்ஸப் வாய்ஸ் நோட் ஓபஸ்னு ஒரு வகை, பேர மட்டும் வேவ்னு மாத்துனா உள்ள இருக்குறது மாறாது, பெட்டி அதைத் தள்ளிட்டு பழைய டிங்கையே அடிக்கும். எம்பி3யும் எல்லா மாடல்லயும் ஓடாது. ஆடாசிட்டிங்குற சவுண்ட் எடிட்டர்ல, எஃப்எஃப்எம்பெக்குங்குற கூடுதல் ஃபைல போட்டுட்டு திறந்து, மோனோ, 16 பிட் வேவா எடுத்ததும் முதல் தடவையா கார்ல அம்மா குரல் கேட்டுச்சுடா, வண்டிய ஓரங்கட்டிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறமும் ரெண்டு சிக்கல் வந்துச்சு. லோடர்ல அளவு கிலோமீட்டர்ல இருந்தா ஃபைல் பேர்ல இருக்குற 30ங்குறத 30 கிலோமீட்டர்னு எடுத்துக்கும், அதாவது 18 மைல் தாண்டுனாலே கத்த ஆரம்பிக்கும், மைலுக்கு மாத்தணும். அடுத்து, பழைய லிஸ்ட்ல கேமரா பேருக்குப் பின்னாடி @30னு இருக்கும், 30 தாண்டுனா கத்துன்னு அர்த்தம், இப்ப அந்த ரோடு 20, அப்போ 27ல போனாலும் பெட்டி வாய திறக்காது, இதுதான் உண்மையிலேயே ஆபத்து. என் ரூட்ல இருக்குற கேமராவ எல்லாம் போர்ட பாத்து ஒவ்வொண்ணா திருத்தி, 20க்கு ஒரு ஃபைல், 30க்கு ஒண்ணு, 50க்கு ஒண்ணுன்னு பிரிச்சு வச்சிருக்கேன்.

இப்ப உன் வேலைக்கு வரேன். அம்மா பேசுனது ரொம்ப நீளம்டா, "பாப்பா அம்மா பேசுறேன், மெதுவா போ, மழை பெய்யுதா, ஸ்வெட்டர் போட்டியா"ன்னு பன்னெண்டு செகண்ட் போகுது. வெளி ரோட்டுல 60 மைல்ல போகும்போது ஒரு செகண்டுக்கு 27 மீட்டர், அம்மா முடிக்குறதுக்குள்ள முன்னூறு மீட்டருக்கு மேல தாண்டிடுவேன். கால் மைல் முன்னாடியே பேச வச்சாலும் 15 செகண்ட்தான் கைல இருக்கு. அதனால "பாப்பா, மெதுவா"ன்னு முதல் வார்த்தைலயே விஷயம் வரணும், ரெண்டு செகண்டுக்குள்ள முடியணும். மூணு விதமா வேணும்: "பாப்பா, இருபது", "பாப்பா, முப்பது", "பாப்பா, அம்பது". ஸ்கூல் கிட்ட வர்றதுக்கு அப்பா பேசட்டும், "புள்ளைங்க வருது பாரு"ன்னு, ரெண்டு பேர் குரலும் வேற வேறயா இருந்தா எதுக்குன்னு உடனே தெரியும்.

ஃபேன நிறுத்திடு, குக்கர் விசில் அடிக்காத நேரமா பாரு, போன வாய்லேர்ந்து ஒரு சாண் தள்ளி வை, அம்மா பேச ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி அரை செகண்ட் சும்மா விடு, இல்லன்னா என் ஸ்பீக்கர்ல முதல் எழுத்து முழுங்கிடுது. கத்த வேணாம்னு சொல்லு, எப்பவும் பேசுற மாதிரியே பேசட்டும், சத்தத்த நான் இங்க ஏத்திக்குறேன். வாய்ஸ் நோட்டா அனுப்பாத, ரெக்கார்டர்ல எடுத்து டாக்குமெண்டா இல்ல மெயில்ல அனுப்பு.

மாடி ஒழுகல் சரி பண்ண பணம் இந்த மாசம் சம்பளம் வந்ததும் போடுறேன், கொத்தனார்கிட்ட சொல்லி வை. அம்மா சுகர் மாத்திரைய சாப்பாட்டோட போடுறாங்களான்னு நீ பக்கத்துல நின்னு பாரு. ரெக்கார்டிங் ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்தா திங்கக்கிழமை டியூட்டிக்கு முன்னாடி ஏத்திடுவேன், அந்த வாரம் எனக்குப் புது ரூட்டு.

அன்புடன்,
அக்கா